மஞ்சள் குழிகள்

அல் கோர் படகுத்துறையின் ஐந்தாவது தூணில்
இரண்டு பாகம் ஆழத்தில்
கருத்த கடற்பஞ்சு ஒன்று ஒட்டியிருக்கிறது.
ஓடக் காலில்லை, கடிக்கப் பல்லில்லை,
உள்ளே இழுத்துக்கொள்ள ஓடும் இல்லை.
ஆகஸ்டில் இந்தக் கடல் வெந்நீராகும்போதும்
அதே தூண், அதே இடம்.
அதனால்தான் விஷம் வைத்திருக்கிறது.
அதனால்தான் நாங்கள் அதைத் தேடி வருகிறோம்.

தொம்மை மிக்கேல் முங்கி எடுத்து வருகிறார்,
உள்ளங்கையளவு, அனுமதித்தாளில் உள்ளபடி.
ஐஸ் பெட்டிக்குள் போகும்போது
பூண்டும் துருவும் கலந்த வாடை.
பையில் எழுதுகிறேன்: கோர் 117.
"இதுக்கு முன்னாடி நூத்திப் பதினாறும் பெயிலா மேடம்?"
"பதினாலு மட்டும் அரியர்" என்கிறேன்.

நறுக்கி, உறையவைத்து, உலர்த்தி,
மெத்தனாலில் ஊறப்போட்டு வடித்து
வடித்ததை மறுபடி வடித்து
கடைசியில் குப்பியடியில் மிஞ்சுவது
தீக்குச்சித் தலையளவு பழுப்புப் பிசின்.

அடைகாப்பானில், முப்பத்தேழு டிகிரியில்
ஒரு பெண் இருக்கிறாள்.
இல்லை, அவள் போய் முப்பது வருடம்.
பெயர் தெரியாது, ஊர் தெரியாது.
அவள் மார்பில் தொடங்கியது மட்டும் சாகாமல்
குடுவை குடுவையாக நாடு தாண்டி
இங்கே வந்து சேர்ந்திருக்கிறது.
இரண்டு நாளைக்கொருமுறை அதற்குத் தீனி.
வெள்ளிக்கிழமை விடுமுறையிலும்
டாக்ஸி பிடித்து வந்து ஊட்டுகிறேன்.
நன்றாகத் தின்று செழிக்க வேண்டும்,
திங்களன்று கொல்வதற்கு.

தொண்ணூற்றாறு குழியுள்ள தட்டு.
சாயம் விடும்போது எல்லாமே மஞ்சள்.
நாலு மணி நேரத்தில்
உயிருள்ளவை அதை ஊதாவாக்கிவிடும்.
செத்தவை அப்படியே விட்டுவிடும்.
கல்யாணப் பத்திரிகைக்கு
நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய விரல்தான் இது.
இங்கே மஞ்சள் என்றால் இழவு.
அந்த இழவுக்குத்தான் காத்திருக்கிறேன்.

இரவு ஒன்பதரை.
117-இன் வரிசை, எட்டுக் குழியும் மஞ்சள்.
ஆயிரத்தில் ஒரு பங்காக நீர்த்த கடைசிக் குழியிலும்
மஞ்சள்.
கூடத்தில் வேறு யாருமில்லை,
உறைபெட்டியின் உறுமல் மட்டும்.
ஜன்னலுக்கு வெளியே, தூரத்தில்
ராஸ் லஃபான் எரிவாயுச் சுடர், அதுவும் மஞ்சள்.
கை நடுங்கப் படமெடுத்து
மிக்கேலுக்கு அனுப்பிவிட்டேன்.

குரல்பதிவு வந்தது, பின்னால் படகின் மோட்டார்:
"மருந்தா வர எத்தனை வருஷம் மேடம்?"
பதினஞ்சு, எல்லாம் சரியாப் போனா.
"ரெண்டு வருஷத்துக்கு ஒரு கான்ட்ராக்ட்.
அப்போ ஏழரை!"
சிரிப்பு. "ஏழரைன்னா கொஞ்சம் உதைக்கும் மேடம்,
அப்புறம் விட்டுரும்."

அப்புறம்தான்
தட்டைத் திருப்பிக் கீழ்வரிசையைப் பார்த்தேன்.
நோயில்லாத செல்கள்.
ஊதாவாகியே தீரவேண்டிய எட்டுக் குழிகள்.

மஞ்சள்.
எட்டும்.

கொல்லத் தெரிகிறது அதற்கு,
ஆள் பார்க்கத் தெரியவில்லை.
தூணில் ஒட்டிக் கிடந்தவரை
வந்தவரெல்லாம் தின்ன வந்தவர்தானே,
யாரைப் பிரித்தறியப் பழகியிருக்கும்?
ஏட்டில் எழுதினேன்: 117, நச்சு, தேர்வுத்திறன் இல்லை.
அனுப்பிய படத்தை அழிக்கப் பார்த்தேன்.
நீல டிக் இரண்டும் விழுந்திருந்தன.

காலையில் துறைக்குப் போனால்
அவர் ஏற்கெனவே ஆறாவது தூணடியில்.
முதலில் குமிழி, பிறகு பையோடு ஒரு கை,
பிறகு கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளிய முகம்.
சொன்னேன்.
தண்ணீரைத் துப்பிவிட்டுச் சற்று நேரம் மிதந்தார்.

"அஞ்சாந் தூணையும் பாத்தேன் மேடம்.
நாம வெட்டின இடம் மூடிக்கிச்சு.
மூணே வாரத்துல நல்லா வளருது."

வளருது என்ற சொல்லில்
பேனா ஒரு நொடி நின்றது.
பிறகு ஈரப் பையைத் துடைத்து எழுதினேன்:
கோர் 118.